கூடை தூக்குற உடம்புக்கும் பயிற்சி வேணுமா?



குழுக் கூட்டத்தில் உடற்பயிற்சி என்று பேச்சை எடுத்தாலே எங்களுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "காலையில நாலு மணிக்கு எழுந்தா ராத்திரி படுக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கோம். இதுக்கு மேல எக்சர்சைஸ் எதுக்கு மேடம்?" நாற்று நடுகிறவர், மாடு வைத்திருக்கிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், மீன் விற்கிறவர் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதனால் இந்த இதழில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கிறோம்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இந்தக் கேள்வி இன்னும் சூடாக வரும். கிராமத்துக் குழுக்களில் இருக்கிற பலர் அந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னை பெசன்ட் நகரில், அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. எலியட்ஸ் பீச் கூப்பிடு தூரம்தான். விடியற்காலையில் அந்தக் கடற்கரையில் நின்றால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் ஷூ போட்டுக்கொண்டு நடக்கும், ஓடும். சிலருக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர் நின்று "இன்னும் பத்து, இன்னும் அஞ்சு" என்று எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொரு கூட்டம் அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படகு கரைக்கு வருவதற்காகக் காத்திருக்கும். மீன் வந்ததும் ஏலம், ஏலம் முடிந்ததும் ஐஸ், அப்புறம் சும்மாடு கட்டிக் கூடையைத் தலையில் ஏற்றித் தெருத் தெருவாக நடை. அந்தக் குப்பத்து அக்கா ஒருவர் எங்களிடம் சொன்னார்: "அவங்க காசு கொடுத்து வெயிட்டு தூக்குறாங்க. நாங்க வெயிட்டு தூக்கினாத்தான் எங்களுக்குக் காசு."

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அதே அக்காவுக்கு முட்டி வலி. மாடி வீட்டு வாடிக்கையாளருக்குப் படியேறிப் போய் மீன் கொடுக்க முடியவில்லை, கீழே நின்றே குரல் கொடுக்கிறார். படியேற முடியாததால் சில வீட்டு வியாபாரம் கைவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வேலை செய்கிற உடம்பு ஏன் வலுவாக இல்லை?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

டென்மார்க் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2021இல் அது வெளியானது. ஓய்வு நேரத்தில் நடப்பது, ஓடுவது, விளையாடுவது என்று இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருந்தது. பிழைப்புக்காகக் கடுமையான உடலுழைப்பு செய்தவர்களுக்கு அந்த ஆபத்து குறையவில்லை, கூடியே இருந்தது. டென்மார்க் வேறு, நம்ம ஊர் வேறுதான். ஆனாலும் அதற்கு அவர்கள் ஊகிக்கிற காரணம் நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. நாள் முழுக்கக் கனம் தூக்கும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் ஏறியே இருக்கின்றன. இறங்கி ஓய்வெடுக்க நேரம் கிடைப்பதில்லை. மறுநாள் காலையில் திரும்பவும் அதே வேலை.

தசை எப்போது வலுவாகிறது தெரியுமா? வேலை செய்யும்போது இல்லை. வேலை செய்யும்போது அது களைத்து, நுண்ணிய அளவில் சேதமாகிறது. பிறகு தூங்கும்போதும் ஓய்வெடுக்கும்போதும், சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொண்டு முன்பைவிடக் கொஞ்சம் பலமாகிறது. ஓய்வும் சாப்பாடும் இல்லாவிட்டால் சேதம் மட்டும்தான் மிச்சம்.

ஜிம் பயிற்சியாளர் செய்கிற வேலையின் ரகசியமே இதுதான். அளவான எடையில் தொடங்குவார். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுவார். வலது பக்கம் செய்தால் இடது பக்கமும் செய்யச் சொல்வார். இன்று காலுக்கு வேலை கொடுத்தால் நாளைக்கு அதற்கு ஓய்வு கொடுப்பார். நம் வேலையோ இதற்கு நேர் எதிர். குழந்தையும் குடமும் எப்போதும் ஒரே இடுப்பில். நடவு என்றால் நாள் முழுக்க ஒரே குனிவு. மீன் ஆயும் அக்காவைப் பாருங்கள்: அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு மூன்று மணி நேரம் முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பார். கையும் கழுத்தும் ஓயாமல் உழைக்கும். தொடையும் வயிறும் அப்படியே கிடக்கும்.

அதற்காக நம் நடையெல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும் என்கிறது. வேலைக்காக நடக்கிற நடையும் அதில் சேரும். கூடை தூக்கி நடக்கிறவருக்கு அந்தக் கணக்கு செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும்! ஆனால் அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது: வாரத்தில் 2 நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். நமக்கு விட்டுப்போவது இதுதான்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "நாங்க எல்லாரும் உழைக்கிறவங்க" என்பது இப்போது எல்லோருக்கும் பொருந்தவில்லை. தையல் மிஷினில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களும், கடை வைத்திருக்கிறவர்களும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வந்தது நல்லதுதான், ஆட்டுக்கல்லுக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. குண்டாக இருக்கிறவர் சத்தோடு இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. ஒரே உடம்பில் இரண்டும் இருக்கலாம். தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் வீரருக்குச் சொன்னது நமக்கும்தான்

2011இல் உலகக்கோப்பை ஜெயித்த இந்தியக் கிரிக்கெட் அணிக்கு உடற்திறன் பயிற்சி கொடுத்தவர் ராம்ஜி ஸ்ரீனிவாசன். 2015 முதல் 2019 வரை அந்த வேலையைச் செய்தவர் சங்கர் பாசு. இரண்டு பேரும் சென்னைக்காரர்கள். பாசு வந்த பிறகுதான் விராட் கோலி தரையிலிருந்து பளுவைத் தூக்கும் பயிற்சிகளைத் தீவிரமாகச் செய்ய ஆரம்பித்தார். தரையில் கிடக்கிற கனத்தை முதுகு வளையாமல் எடுத்து நிமிர்வதற்கு ஜிம்மில் 'டெட்லிஃப்ட்' என்று பெயர். தண்ணீர்க் குடம், மீன் கூடை, சிமெண்டுச் சட்டி, புல்லுக்கட்டு எல்லாமே டெட்லிஃப்ட்தான். வித்தியாசம் என்னவென்றால், கோலிக்கு எப்படித் தூக்குவது என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். நமக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் இங்கே சொல்கிறோம். கூடையை உடம்புக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி எட்டி எடுத்தால் அதே கனம் முதுகுக்குப் பல மடங்காகத் தெரியும். காலைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பையும் முட்டியையும் மடக்கி இறங்குங்கள். வயிற்றை இறுக்கிக்கொண்டு, காலால் தரையை அழுத்தி எழுங்கள். மூச்சை அடக்காமல் எழும்போது வெளியே விடுங்கள். எழுந்த பிறகு திரும்ப வேண்டுமென்றால் காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பும்போதுதான் 'பிடித்துக்கொள்கிறது'. தலைக்கு ஏற்றும்போது கட்டாயம் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். இதில் ரோஷம் பார்க்க வேண்டாம்.

வலுவூட்டும் பயிற்சிக்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, புடவையோடே செய்யலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, உட்காருவது. சுவரில் இரண்டு கையையும் வைத்து, முழங்கையை மடக்கிச் சாய்ந்து திரும்பத் தள்ளுவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கிப் பிடிப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, இரண்டு சுற்று. கால் மணி நேரம் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் போதும். சுலபமாக இருக்கிறது என்று தோன்றினால் இரண்டு வாரம் கழித்துப் பன்னிரண்டு, பிறகு பதினைந்து என்று கூட்டுங்கள். முட்டியில் சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள். தொடையில் களைப்பு தெரிந்தால் அது சரிதான். முட்டி வலிக்கு 'நடக்காதே, அசையாதே' என்று வீட்டில் சொல்வார்கள். பல பேருக்கு முட்டி வலி குறைய வேண்டுமென்றால் முட்டியைத் தாங்குகிற தொடைத் தசைதான் வலுவாக வேண்டும். வீக்கம் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத ஒன்று இருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தனியாக வந்து மெதுவாகச் சொல்வார்கள்: "இருமினா, தும்மினா, கூடை தூக்கினா சிறுநீர் கசியுது." சிலருக்குக் கர்ப்பப்பை இறங்கின மாதிரி கனமாக இருக்கும். பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே கனம் தூக்கப் போனவர்களுக்கு இது அதிகம். வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை இது. இடுப்படித் தசைகள் தளர்ந்துபோனதுதான் பெரும்பாலும் காரணம். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் உள்ளுக்குள் இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுசாக விட வேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருப்பவர்கள் கனம் தூக்குவதை நிறுத்திவிட்டு முதலில் அரசு மருத்துவமனைப் பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வஞ்சிரம் விற்பவர் சாப்பிடுவது டீயும் பன்னும்

குப்பத்து அக்காக்களிடம் காலைச் சாப்பாடு என்ன என்று கேட்டோம். ஏலத்துக்கு முன்னால் ஒரு டீ. விற்றுக்கொண்டிருக்கும்போது இன்னொரு டீ, கூட ஒரு பன். மதியம் மூன்று மணிக்கு மேல்தான் சோறு. நல்ல மீன் விற்பனைக்கு, நடுத்துண்டு வீட்டு ஆம்பிளைக்கும் பிள்ளைகளுக்கும், நமக்குக் குழம்பு. கிராமத்தில் மீனுக்குப் பதில் முட்டை, கறி என்று மாற்றிப் போட்டால் கதை ஒன்றுதான்.

இதில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நிர்ணயித்தது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். ஒரு நாளில் 300 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டால் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். சாம்பாரும் டீயில் இருக்கிற பாலும் சேர்த்தாலும் 30ஐத் தாண்டுவது கஷ்டம். மீதி 16 கிராம்தான் நம் குறை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அரைக்கைக் கொண்டைக்கடலை, அதாவது 50 கிராமை ஊறவைத்து அவித்தால் கிட்டத்தட்ட 10 கிராம். இரண்டையும் சேர்த்தால் குறை தீர்ந்தது. மீன் என்றால் இன்னும் சுலபம். மத்தி 100 கிராமில் 18 முதல் 20 கிராம் வரை இருக்கும். வஞ்சிரத்தில் இருக்கிற புரதத்துக்கு இது ஒன்றும் இளைத்ததில்லை. இதயத்துக்கு நல்லதான மீன் கொழுப்பு மத்தியில்தான் அதிகம். சென்னைப் பக்கம் இதற்குக் கவலை மீன் என்று பெயர். பேர்தான் கவலை! நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்துவிடும். கருவாட்டிலும் புரதம் நிறைய, ஆனால் உப்பும் நிறைய. பிரஷர் இருக்கிறவர்கள் தினமும் கருவாடு வேண்டாம்.

ஜிம்மில் விற்கிற புரோட்டீன் பவுடர் பற்றிச் சில இளம் உறுப்பினர்கள் கேட்டார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடம்பு வளர்க்கப் புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. 'பத்தே நாளில் எடை குறையும்' என்று வீடு வீடாக வந்து விற்கிற மாவு டப்பாக்களைப் பற்றி எங்கள் கருத்து இன்னும் கடுமையானது. அதற்காக உள்கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால் குழு யோசிக்க வேண்டும். அந்த ஒரு டப்பா விலைக்கு எத்தனை நாள் முட்டை வாங்கலாம் என்று கூட்டத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எடை குறைய வேண்டுமென்று சோறே தொடாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். மும்பையில் சினிமா நட்சத்திரங்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் ருஜுதா திவேகர், தன் ஊரில் விளைவதை, பாட்டி சாப்பிட்டதைச் சாப்பிடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அவர் பேரைச் சொன்னால் நகரத்துப் பெண்கள் பணம் கொடுத்துக் கேட்கிறார்கள், நம் அம்மா சொன்னால் காதில் விழுவதில்லை. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பாலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வதால் நாற்பது தாண்டியவர்களுக்குக் கூழும் களியும் ரொம்பத் தேவை. ரத்தசோகைக்கு முருங்கைக்கீரை, பயறு, மீன், ஈரல் எல்லாம் நல்லது. ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

சாப்பாட்டைவிட எங்களை அதிகம் உறுத்தியது தண்ணீர். மீன் விற்கிற அக்காக்கள் பலர் காலையிலிருந்து மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் போக இடம் இல்லை. வயல் வேலைக்குப் போகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, கல், தலைவலி, களைப்பு எல்லாம் இதனால் வருகிறது. 'தினமும் மூன்று லிட்டர் குடியுங்கள்' என்று நாங்கள் எழுதுவது சுலபம். கழிப்பறை இல்லாத இடத்தில் அது கேலியாக இருக்கும். உங்கள் ஊர்ச் சந்தையில், வேலைத்தளத்தில் பெண்கள் கழிப்பறை இருக்கிறதா, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று குழுவாகப் போய்ப் பார்த்து, தீர்மானம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுங்கள்.

இது ஒரு பிழைப்பும் ஆகுமா?

"எங்க பொண்ணு நல்லா ஓடுவா, கபடி ஆடுவா, படிப்புதான் வரல" என்று சொல்லும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறோம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில், அதற்குப் படிப்பும் உண்டு. சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கினார். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு உடற்கல்வியில் பட்டப்படிப்பு, பட்டம் முடித்தவருக்கு பி.பி.எட். என்று வழி இருக்கிறது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு அந்தப் படிப்புதான் தேவை. ஜிம்மில் வேலை பார்க்கத் தனியாக 'ஃபிட்னஸ் டிரெய்னர்' சான்றிதழ் இருக்கிறது.

நம்மைப் போன்ற வீட்டிலிருந்து போனவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பிறகு அவரே சூளையில் கூலி வேலை செய்த காலம் இருந்தது. விடாமல் பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். கடற்கரைப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன். சின்ன வயசில் மரப்பலகையை வைத்து அலையில் சறுக்கியவர், 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளியே தொடங்கினார். கடலைத் தெரிந்தவருக்கு அந்தத் தெரிவே தொழிலாகிவிட்டது. குப்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கக்கூட வீட்டில் விடுவதில்லை என்பது வேறு கதை.

நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டு அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் டிரெய்னர் வேலையின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். வேலை நேரம் காலை ஐந்திலிருந்து ஒன்பது, திரும்பச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது. நடுவில் சும்மா. விடியற்காலையிலும் இருட்டிலும் போய்வர வழி வேண்டும். பல ஜிம்களில் நிலையான சம்பளம் குறைவு. தனியாக வகுப்பு எடுத்தால் அந்தப் பணத்தில் ஜிம்முக்கு ஒரு பங்கு போகும். தனக்கு அடிபட்டுவிட்டால் வருமானம் நின்றுவிடும். 'டிராக் சூட் போட்டுக்கிட்டுப் போறா' என்ற பேச்சும் வரும். ஆனால் பெண்கள் பெண் பயிற்சியாளரைத்தான் தேடுகிறார்கள். சிறு நகரங்களில்கூட லேடீஸ் பேட்ச் வந்துவிட்டது.

குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகள் நிறைய முளைத்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். சான்றிதழில் யார் பெயர் இருக்கும், அந்த நிறுவனத்தின் பெயர் மட்டுமா, அல்லது அரசு அங்கீகரித்த விளையாட்டு, உடற்தகுதித் துறைத் திறன் மன்றத்தின் பெயரா? உடலமைப்பு, முதலுதவி பாடத்தில் இருக்கிறதா? நேரில் செய்முறை எத்தனை மணி நேரம்? போன வருஷம் படித்த பெண்கள் இரண்டு பேரிடம் பேச முடியுமா? கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணம் கிடையாது, பெண்களுக்கு 45 வயது வரை இடம் உண்டு. உங்கள் பகுதியில் என்னென்ன பாடம் நடக்கிறது என்று வட்டார இயக்க மேலாண்மை அலகில் முதலில் விசாரியுங்கள். அங்கே கிடைக்காமல் தனியார் வகுப்புக்குத்தான் போக வேண்டும், அதற்குக் குழுவிலிருந்து கடன் கொடுக்கிறீர்கள் என்றால், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட விடுகிறார்களா என்று பாருங்கள்; ஒவ்வொரு ரசீதின் நகலையும் வாங்கிக் குழுப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.